முந்நூற்று அறுபதும் சில்லறையும்

மார்ச் முப்பத்தொன்று இரவு
ஏழு ரூபாய் இடித்தது.
அதைத் தேடிக் கூட்டுறவு வங்கியின் மின்விசிறிக்கடியில்
நாலு பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
தபால்தலைச் செலவில் ஒளிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு
திருத்துறைப்பூண்டி ரயிலடியில்
அடைக்கலத்தின் வேனில் ஏறினேன்.
ஜெய்னுலாபுதீன் கடையில் மிக்சி வாங்கப் போனவள்
சுவரில் இருந்த படத்தைக் காட்டி
இது என்ன பறவை என்று கேட்டுத் தொலைத்தேன்.
அதனால் வந்தது.

முன் இருக்கையில் அவர்,
மடியில் துண்டு சுற்றிய தொலைநோக்கி,
மருத்துவமனையிலிருந்து அன்றுதான் கொண்டுவந்த
பிள்ளையைப் போல.
ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம்
அடைக்கலத்துக்குத் திட்டு.

வேதாரண்யம் தாண்டியதும்
காற்று உதட்டில் உப்பாக உட்கார்ந்தது.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில்
எங்களுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது.
கால்களில் கிழிந்த சாக்ஸ், கையில் வாருபலகை,
எங்களை ஏற இறங்கப் பார்த்தாள் ஒருத்தி.
"கொக்கு பாக்கவா இம்மாந்தூரம்?"
"கொக்கு இல்லக்கா, உள்ளான்."
"எதுவா இருந்தா என்ன,
மூக்கால சேத்தைக் குத்துறதுதானே."
மறுக்கத் தோன்றவில்லை.

முதல் கால் மணி நேரம்
பைனாகுலரில் என் இமைமுடிதான் தெரிந்தது.
பிறகு சேறு.
பிறகு
சேறு நடந்தது.

கொசு உள்ளான்.
கைக்குள் அடங்கிவிடும்.
சைபீரியாவுக்குப் போகப்போகிறதாம்,
இன்றோ நாளையோ, தென்காற்று பிடித்ததும்.
அதுவரை,
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்கள்
கல்யாணப் பந்தியில் சாப்பிடுவதுபோல்
தலை நிமிராமல் தின்கிறது.
சில கழுத்துகளில்
செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

ஒன்றின் காலில் சின்னக் கொடி.
எழுத்தில் பாதி சேற்றுக்குள்.
"படிங்க, படிங்க" என்று தவித்தார் ஜெய்னுலாபுதீன்.
ஒரு 'கே'யும் பிறகு எட்டோ மூன்றோ.
எந்த ஊரிலோ எவரோ
இதைப் பேரேட்டில் ஏற்றியிருக்கிறார்,
அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்.

"நீங்கதான் கேஷியராச்சே, எண்ணுங்க" என்றார்.
பத்தொன்பது வருஷம் நோட்டு எண்ணிய கட்டைவிரல்
என்னைக் கேட்காமல் அசைந்தது.
பத்துப் பத்தாகக் கட்டினேன்.
நூற்று நாற்பது. இருநூற்றுப் பத்து.
கோகிலவாணி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.
முந்நூற்று அறுபதில்
பைரி வந்தது. வந்ததை யாரும் பார்க்கவில்லை.

தரை எழுந்ததைத்தான் பார்த்தோம்.

ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளி.
மறுபக்கம் திரும்பினால்
வானத்தில் எதுவுமே இல்லை.
மறுபடி வெள்ளி.
நான் கட்டிய கட்டெல்லாம் அவிழ்ந்து
தலைக்கு மேல் சுழன்றன.
வாருபலகையை நிறுத்தி
அவளும் அண்ணாந்து நின்றாள்.
தினமும் பார்ப்பவள்.

இறங்கியபோது வேறு வரிசை, வேறு பாத்தி.
பைரி ஒன்றைக் கழித்துக்கொண்டு போனதா
என்பதுகூடத் தெரியாது.
"எவ்வளவு போட?" என்றாள் கோகிலவாணி.
மறுபடி எண்ணலாம், வெளிச்சம் இருந்தது.
"முந்நூற்று அறுபதும் சில்லறையும்" என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தருகே
புளியோதரை, மோர்மிளகாய்.
தூரத்தில் வெயிலின் நெளிவில்
பூநாரைகள் கால் இல்லாமல் நின்றன.
கரண்டிவாய் உள்ளான் கிடைக்கவில்லை.
வருஷா வருஷம் கிடைப்பதில்லை என்று
ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி
ஜெய்னுலாபுதீன் சொன்னார்.
அடைக்கலம் ஸ்டியரிங்கில் கால் போட்டுத் தூங்கினார்.

திரும்பும்போது அவள் கேட்டாள்:
"கணக்கு சரியா வந்துச்சா?"
"இடிக்குதுக்கா."
"இடிக்கட்டும்" என்று குனிந்துகொண்டாள்.

வீட்டில் குளித்தும் உப்பு போகவில்லை.
பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது.
துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன்.
கொடியில் என் சுடிதார், இரண்டு துண்டு,
ஒற்றைத் தலையணை உறை,
எல்லாம் வடக்கே பார்த்து
இழுத்துக்கொண்டு நின்றன.

எடுக்காமல் இறங்கிவந்தேன்.